பெயர் அடிக்கப்பட்டவர்கள் இறங்கும் நிறுத்தம்

எங்கள் தெரு முனையில் முதன்முதலாக இறங்கியவர் ஒரு பாதிரியார், சித்திரை மாதம், காலை ஆறு நாற்பது பேருந்தில், கறுப்புக் கம்பளி அங்கியும் கையில் ஒரு தகரப் பெட்டியுமாக இறங்கி, வியர்வை வழிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு, பால் பாக்கெட் வாங்க நின்றிருந்த தெய்வானை அக்காவிடம், "அம்மணி, தங்கள் மன்னிப்பை யாசிக்கிறேன், என்னை இவ்விடம் அனுப்பியவரின் இல்லம் யாது?" என்று கேட்டார். தெய்வானை அக்கா மெஸ் நடத்துகிறவர். பசியோடு வருகிறவர்களிடம் எந்த ஊர் என்று கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. "முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டு சாமி, செத்துருவ" என்று சொல்லி, நான்கு இட்லி வைத்த பிறகுதான் அவரை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார்.

அனுப்பியது நான்தான். முந்தின நாள் மாலை அவருடைய பெயரைச் சிவப்பு மையால் அடித்திருந்தேன்.

என் பெயர் குமுதவல்லி. ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், எம்.ஏ. ஆங்கிலம் முடித்திருந்தேன் என்ற ஒரே காரணத்துக்காக, வளசரவாக்கத்தில் ஒரு வாடகை பங்களாவில் தொடர் எடுக்கும் குழு என்னை உதவி வசனகர்த்தாவாகச் சேர்த்துக்கொண்டது. நூற்றறுபது வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் ஒருவர் மூன்று பாகங்களாக, தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பக்கங்களில் எழுதிய 'ஹார்ன்பீம் மாளிகை' என்ற நாவலை, மாலை ஏழரை மணிக்கு ஓடக்கூடிய ஒரு ஜமீன் தொடராக மாற்றவேண்டும். முதலில் அதை வரிக்கு வரி தமிழாக்கிக் கொடுத்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தப்பு வந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து ஆக்கிய தமிழ் அது. அதில் யாரும் பேசுவதில்லை, எல்லோரும் மொழிகிறார்கள். அடுத்த வேலை, ஆட்களைக் குறைப்பது. நாவலில் அறுபத்திரண்டு பேர். எங்கள் சேனல் பதினொரு பேரைத்தான் தாங்கும் என்று இயக்குநர் சீலன் சார் சொல்லி, என் கையில் ஒரு சிவப்புப் பேனாவைக் கொடுத்தார்.

ஐந்து வாரங்களில் ஐம்பத்தொரு பேரும் ஒரு குதிரையும் இறங்கினார்கள். மாலையில் யார் பெயரை அடிக்கிறேனோ அவர் மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு வந்துவிடுவார். எங்கே ஏறினார்கள் என்று கண்டக்டர் ஏகாம்பரத்தைக் கேட்டபோது, "எங்க ஏறுனாங்கன்னு நான் பாக்கலம்மா, ஆனா எல்லார்கிட்டயும் டிக்கெட் இருந்துச்சு, டிக்கெட் இருந்தா நான் எதுக்குக் கேக்கப்போறேன்?" என்றார். குதிரைக்கு மட்டும் லக்கேஜ் போட்டிருந்தார். இரண்டாவது வாரத்திலிருந்து அவரே நிறுத்தத்துக்கு முன்னால் கம்பியில் தட்டி, "புக்கு ஸ்டாப்லாம் எறங்கு, தொப்பி பத்திரம், தொப்பி பத்திரம்" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்.

சீலன் சாருக்கு முதலில் சந்தோஷம். "காஸ்ட்யூமோடயே வர்றாங்க, கூட்டத்துல நிக்க வைப்போம்" என்றார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். நீக்கப்பட்ட கதையில் முகம் தெரியாமல் நிற்பது தங்கள் மாண்புக்கு உகந்ததன்று என்று மொழிந்தார்கள். அதற்குப் பிறகு அவர்களை என்ன செய்வது என்பது தெருவின் பொறுப்பானது. தெருவுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை, ஏனென்றால் மழை வெள்ளத்தில் வந்தவர்களையும், மெட்ரோ வேலைக்கு வந்தவர்களையும், நடிக்க வாய்ப்புத் தேடி வந்து பதினைந்து வருடமாக இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களையும் வைத்துக்கொண்ட தெரு அது. பாதிரியார் மெஸ்ஸில் சாம்பார் ஊற்றினார். அவர் ஜெபம் முடிக்காமல் யாரும் கை வைக்க முடியாது என்பதால் மெஸ்ஸில் முதன்முறையாக எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள். நாவலின் இரண்டாம் பாகத்தில் ஒருவனைத் தூக்குக்கு அனுப்பிய நீதிபதி, வெள்ளைப் பொய்முடியோடு தண்ணீர் லாரி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தக் குடம் எந்தக் குடத்துக்கு முன்னால் வந்தது என்று தீர்ப்பு சொன்னார்; மேல்முறையீடு கிடையாது. திருமணமாகாத இரண்டு சகோதரிகள் மாடியில் ஆங்கில வகுப்பு தொடங்கினார்கள். அவர்களிடம் படித்த பையன்கள் வேலைக்கான நேர்காணலில் குனிந்து வணங்கி, தாங்கள் என்றென்றும் தங்கள் பணிவுள்ள ஊழியர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னதும், கேட்டவர்கள் கண் கலங்கி அங்கேயே வேலை கொடுத்தார்கள். அட்டை வைத்து ரத்தம் எடுத்தால்தான் காய்ச்சல் போகும் என்று அடம்பிடித்த வைத்தியரிடம், எங்கள் கொசுக்கள் அந்த வேலையை இலவசமாகவே செய்கின்றன என்று சொல்லிப் புரியவைத்தோம். குதிரை கல்யாண ஊர்வலங்களுக்குப் போய்வந்தது.

தொடரின் இரண்டாவது திருத்தத்தில் அடிபட்டவர்கள் பாதி ஜமீன் ஆட்களாக மாறிய நிலையில் வந்தார்கள். அப்படி இறங்கியவர்தான் சர் எட்மண்ட் சாமிநாதப் பிள்ளை. தலையில் உயரத் தொப்பி, இடுப்பில் பட்டு வேட்டி, கையில் கரண்டி பிடிப்பதா சோற்றைப் பிசைவதா என்று இன்றுவரை தீராத குழப்பம். அவரைக் குடியிருப்போர் சங்கத் தலைவராக ஆக்கினார்கள், ஏனென்றால் இரண்டு கட்சிக்கும் அவர் சொந்தக்காரர் இல்லை. சங்கத்தின் வாட்ஸப்பில் வந்த ஒரே புகார், 'புத்தகத்திலிருந்து வந்தவர்கள் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாகப் போடவும்' என்பதுதான். குடும்ப அட்டைக்கு விண்ணப்பித்தபோது, முந்தைய முகவரி என்ற இடத்தில் 'இரண்டாம் பாகம், பக்கம் 412' என்று எழுதிக் கொடுத்தார்கள். வாங்கிய அலுவலர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "பின்கோடு எங்க?" என்று மட்டும் கேட்டார்.

அவர்களுடைய தமிழ் தெருவிலும் ஒட்டிக்கொண்டது. ஆட்டோக்காரர்கள், "தங்கள் மன்னிப்பை யாசிக்கிறேன், வண்டியக் கொஞ்சம் ஓரங்கட்டுய்யா" என்றார்கள். நான் போட்ட வாக்கியங்கள் டீக்கடையில் என் காதிலேயே விழும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். எந்தெந்த இடத்தில் தவறாக மொழிபெயர்த்தேன் என்பது அப்போதுதான் தெரியும்.

எல்லோரும் எப்படியோ பொருந்திவிட்டார்கள், ஒருவரைத் தவிர.

ஆம்ப்ரோஸ் என்று பெயர். நாவலில் ஹார்ன்பீம் ஊரின் தெருவிளக்குகளை ஏணி வைத்து ஏற்றுகிறவர். மொத்தம் இரண்டே அத்தியாயங்களில் வருகிறார். அவருடைய மனைவி டார்கஸ் மாளிகையின் தையற்காரி. தொடரில் டார்கஸுக்குத் தவமணி என்று பெயர் வைத்தோம். "தவமணிக்குப் புருஷன் எதுக்கு? விதவைன்னு வச்சா பாவம் கூடும்" என்று சேனல் சொன்னதும், நான் ஆம்ப்ரோஸை அடித்தேன். ஒரு கோடு. பேனா அந்தக் காகிதத்தில் அரை நொடிகூட நின்றிருக்காது.

மறுநாள் காலை அவர் தோளில் ஏணியோடு இறங்கி, பேருந்தின் படியையே திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். பேருந்து போன பிறகு என்னிடம், "அம்மணி, என் மனைவி எந்த வண்டியில் வருகிறாள்?" என்றார்.

எங்கள் தெருவின் விளக்குகளுக்கு முனைக் கம்பத்தில் ஒரு சுவிட்ச் பெட்டி உண்டு. யாருக்கு ஞாபகம் வருகிறதோ அவர் போடுவார், யாருக்கும் வராவிட்டால் இருட்டு. அந்த வேலையை ஆம்ப்ரோஸ் எடுத்துக்கொண்டார். சுவிட்ச் மார்பு உயரத்தில்தான் இருந்தது. ஆனாலும் ஏணியைச் சாய்த்து, இரண்டு படி ஏறி, குனிந்துதான் போடுவார். மாலை ஆறுக்குப் போட்டால், மறுநாள் ஆறு நாற்பது பேருந்து வந்து போன பிறகுதான் அணைப்பார். "விடிஞ்சு எவ்ளோ நேரமாச்சு, ஐயா" என்று யாராவது சொன்னால், "அவள் வெளிச்சமில்லாத தெருவில் இறங்கலாகாது" என்பார். ஆகவே எங்கள் தெருவில் தினமும் காலையில் விளக்கு அணைந்தால், இன்றைக்கும் டார்கஸ் வரவில்லை என்று அர்த்தம்.

அவர் கேட்டபோதெல்லாம் நான் மழுப்பினேன். பிறகு ஒருநாள் உண்மையைச் சொன்னேன், ஏனென்றால் அவர் தன் இரண்டு அத்தியாயங்களுக்கு அப்பால் எதையும் அறியாதவர், நானோ மூன்று பாகமும் படித்தவள், படித்தவள் படிக்காதவரிடம் மறைப்பது எனக்கு என் வீட்டை ஞாபகப்படுத்தியது.

"ஐயா, ஐம்பத்தொன்றாம் அத்தியாயத்துல அவங்க மாளிகை வாசல்ல, பனியில விழுந்து இறந்துடறாங்க. அதுக்கு முன்னாடி பேர அடிச்சாதான் இங்க வரமுடியும். செத்துட்டா வரமுடியாது. இதுவரைக்கும் செத்தவங்க யாரும் எறங்கல."

அவர் வெகுநேரம் ஏணியைத் துடைத்தார். "அவளுடைய நடுவிரலில் ஒரு தகரக் குப்பி இருக்கும்," என்றார். "தைப்பவர்கள் அணிவது. அதன் நுனியில் ஒரு துளை. அதன் வழியே ஊசி குத்துகிறது என்று குறைபடுவாள். புதியது வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். தாங்கள் அவளை அடித்துவிடுங்கள் அம்மணி. தயைகூர்ந்து அடித்துவிடுங்கள்."

அந்தப் பதினொரு பேரில் சேனல் விடவே விடாத ஆள் தவமணிதான். தொடர் ஆடி மாதம் ஓட ஆரம்பித்தது. தவமணியாக நடித்த கமலவேணி அம்மா கண்ணீர் விட்டால் ஊரே விட்டது. அவர் சாவதை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரச் சிறப்புப் பகுதியாகக் காட்ட முடிவாகி, 'தவமணிக்கு என்ன ஆகும்?' என்று விளம்பரமும் ஓட ஆரம்பித்துவிட்டது. இருந்தாலும் ஒரு மாலை நான் துணிந்து, திரைக்கதையில் தவமணி வரும் இடங்களையெல்லாம் அடித்து வைத்தேன். மறுநாள் காலை பேருந்து நின்றது. கதவு திறந்தது. ஏகாம்பரம் உள்ளே திரும்பிப் பார்த்து, "எறங்கும்மா" என்றார். யாரும் இறங்கவில்லை. படியில் கொஞ்சம் நூல் மட்டும் கிடந்தது, நீல நிறம். முந்தின நாள் நான் வீட்டுக்குப் போன பிறகு சீலன் சார் பார்த்து, பச்சை மையால் எல்லாவற்றையும் திரும்ப எழுதியிருந்தார்.

"ஏம்மா குமுதா, இன்னாம்மா இது, தலைய வெட்டிட்டு ஒடம்ப அனுப்புற?" என்று கேட்டார். அதற்கு மேல் திட்டவில்லை. அவர் நல்லவர்.

ஆம்ப்ரோஸ் அந்த நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு, போய் விளக்கை அணைத்தார்.

இங்கே என் அப்பாவைப் பற்றியும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் அடுத்த பதினைந்து நாள் வாயைத் திறக்கவில்லை என்பது புரியாது. அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஒவ்வொரு நாளும் தொடர் முடிந்ததும் பெயர்கள் ஓடும்; 'உதவி வசனம்: குமுதவல்லி' என்பது அவற்றில் இருபத்திரண்டாவது. ஆலையில் எல்லோரையும் கூட்டிவைத்துப் பார்ப்பார். அவர் முதலெழுத்தைப் பிடிப்பதற்குள் பெயர் மேலே போய்விடும். யாராவது படித்துச் சொன்னால் கோபம் வரும்; தானே படிக்கவேண்டும். தினமும் எட்டு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிடுவார். ஆறு நாற்பது பேருந்தின் கதையெல்லாம் நான் சொல்லி அவருக்குத் தெரியும்.

"இன்னிக்கு 'கு' புடிச்சிட்டேன்மா. 'மு' பாதி தெரிஞ்சுது."

"அவசரமில்லப்பா. தெனம் வரும்."

"வரும்ல? எடுத்துட மாட்டாங்களே?"

"நான் ஒழுங்கா இருந்தா எடுக்க மாட்டாங்கப்பா."

ஆகவே ஒழுங்காக இருந்தேன். அப்பா 'கு'விலிருந்து 'மு'வுக்கும், 'மு'விலிருந்து 'த'வுக்கும் நகர்ந்துகொண்டிருந்தார். ஆம்ப்ரோஸ் தினமும் காலையில் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார். சிறப்புப் பகுதிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் திங்கட்கிழமை பெரிய ஜமீன்தார் சாகும் காட்சி எடுத்தோம். நடித்தவரைப் பாடையில் படுக்கவைத்து, மூக்கில் பஞ்சு வைத்து, மாலை போட்டு, மருமகள்கள் மூவர் மூன்று கோணத்தில் அழுது முடித்ததும், சீலன் சார், "ஓகே. கேமராவ நிறுத்தாதீங்க. ஐயா, எழுந்திருங்க, சிரிங்க" என்றார். பிணம் எழுந்து உட்கார்ந்து, பஞ்சை எடுத்துவிட்டு, கேமராவைப் பார்த்து எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தது. சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள்.

வாசற்படிக்கு வெளியே ஏணியோடு நின்றிருந்த ஆம்ப்ரோஸ், "இறந்தவர் ஏன் எழுந்தார்?" என்றார்.

மேக்கப் போடும் அந்தோணி அண்ணன் சொன்னார்: "அது ஒரு வழக்கம், தொரை. செத்த மாதிரி நடிச்சவங்கள அப்படியே விட்டுட்டா அது அவங்க மேல ஒட்டிக்கும். அதனால எழுந்து ஒரு சிரிப்பு சிரிச்சுட்டுத்தான் போவணும். அத எடுப்போம், ஆனா எங்கயும் போட மாட்டோம். எழுத்துல கூட வராது."

"அப்படியாயின் நடித்தவருக்குச் சிரிப்பு கிடைக்கிறது," என்றார் ஆம்ப்ரோஸ். "நடிக்கப்பட்டவருக்கு?"

அந்தோணி அண்ணன் பஞ்சைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டே, "அவங்களுக்கு யாரு பாக்குறா?" என்றார்.

 எதையாவது செய்தே ஆகவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. அந்தச் சிரிப்பு எழுத்தில் வருவதில்லை. எழுத்தில் வராததை யாரும் அடிக்க முடியாது. அடிக்காத ஒன்று பேருந்தில் வராது. ஆனால், அதை எழுதி, யாராவது அடித்தால்?

செவ்வாயும் புதனும் நகத்தைக் கடித்தேன். வியாழன் மதியம், தவமணியின் மரணக் காட்சியைச் சேனலுக்கு எடுத்துப் போகும் அச்சுப் பிரதியில், கடைசிப் பக்கத்துக்குப் பிறகு ஒரு பக்கம் சேர்த்தேன்.

'காட்சி 114-ஆ. ஜமீன் வாசல். பகல். மழை. தவமணி கண்ணைத் திறக்கிறாள். எழுந்து உட்காருகிறாள். சிரிக்கிறாள்.'

அவ்வளவுதான் எழுதினேன். மூன்று முறை எழுத்துப் பிழை பார்த்தேன்.

சேனலில் ஒப்புதல் தருகிறவர் ஹேமலதா மேடம். திரையில் படிக்க மாட்டார். தாளில் அச்செடுத்து நேரில் கொண்டுபோய் நிற்கவேண்டும். அவர் சிவப்புப் பேனா அடித்ததைச் சீலன் சாரின் பச்சைப் பேனாவால் திரும்ப எழுத முடியாது. அந்த ஊரில் அதற்கு மேல் பேனா இல்லை. நான் நின்றேன். சீலன் சார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேடம் சாவு வரைக்கும் படித்து, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தைப் புரட்டினார்.

"என்ன இது? செத்தவ சிரிக்கிறா?"

சீலன் சார் எட்டிப் பார்த்தார். அவர் முகம் பூசணிக்காய் மாதிரி வெளுத்தது. "மேடம், இது எனக்கே..."

"இருங்க சீலன். இது நல்லாருக்கே! செத்தவ எழுந்து சிரிக்கிறா. பேயா வரலாம். ஆவணி முழுக்க ஓட்டலாமே!" என்று மேடம் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டார்.

இதை நான் யோசித்திருக்கவில்லை.  பேயாக ஏற்றுக்கொண்டால் அவள் அங்கேயே இருப்பாள். தினமும் ஏழரைக்கு ஜமீன் கிணற்றடியில் தலைவிரித்து நிற்பாள். ஆம்ப்ரோஸ் தினமும் விளக்கை அணைத்துக்கொண்டிருப்பார். சும்மா நின்றிருந்தால் எனக்குப் பாராட்டுக் கிடைத்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேடம் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடத் தொடங்கியிருந்தார்.

"பேய் இல்ல மேடம்," என்றேன்.

"பின்ன?"

"உயிரோடதான் இருக்காங்க. சாகல."

"சாகலையா? சரி, பழி வாங்க வர்றாளா?"

"இல்ல மேடம். யார் மேலயும் கோவமில்ல. எழுந்து வீட்டுக்குப் போறாங்க."

"வீட்டுக்குப் போயி?"

"புருஷனோட இருப்பாங்க. அவரு வெளக்கு போடுவாரு. இவங்க தைப்பாங்க."

"அப்புறம்?"

"அவ்ளோதான் மேடம். சந்தோஷமா இருப்பாங்க."

மேடம் சீலன் சாரைப் பார்த்தார். சீலன் சார் மேசையைப் பார்த்தார். "சந்தோஷமா இருக்கறத எவன்மா பாப்பான்?" என்று கேட்டுவிட்டு, பேனாவைத் திறந்து, காட்சி 114-ஆவை மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு, மறுபடி மேலிருந்து கீழே ஒரு கோடு என்று அடித்தார். அடித்த வேகம் நிற்காமல் முதல் பக்கத்துக்குப் போய், எழுதியவர்கள் பட்டியலில் கடைசியாக இருந்த பெயரையும் அடித்தார். அது என் பெயர்.

சீலன் சார் வெளியே வந்து, படிக்கட்டில் நின்று, "ஏன்டாம்மா?" என்றார். ஆம்ப்ரோஸுக்காக என்று சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அந்த ஏணிக்காரருக்கா? என்கிட்ட சொல்லியிருந்தா நான் வேற ஏதாவது..." என்று தொடங்கி, வேறு எதுவும் இல்லை என்று அவருக்கே தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

எட்டு மணிக்கு அப்பா கூப்பிட்டார். "'கு-மு-த-வ' வரைக்கும் வந்துட்டேன்மா! 'ல்லி' மட்டும்தான் பாக்கி. நாளைக்கு முடிச்சிருவேன்."

"அப்பா, நாளைலேருந்து வராதுப்பா. பேர அடிச்சிட்டாங்க."

 ஆலைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அப்பா கேட்டார்: "செகப்பு மையிலயா?"

"ஆமாம்பா."

"அப்ப காலைல ஆறு நாப்பதுக்கு வந்துருமில்ல?"

அவர் விளையாட்டாகக் கேட்டாரா நிஜமாகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் சிரித்தேன், அவரும் சிரித்தார், அழுதிருந்தால் இருவருக்கும் தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை தெருவே நிறுத்தத்தில் நின்றது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தெய்வானை அக்கா இட்லிக் கொப்பரையை அடுப்பில் விட்டுவிட்டு வந்திருந்தார், நீதிபதி குடங்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார், சர் எட்மண்ட் சாமிநாதப் பிள்ளை தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். அதுவரைக்கும் முழு ஆட்கள்தான் வந்திருக்கிறார்கள். ஒரு காட்சி எப்படி வரும், மூன்று வாக்கியம் எப்படி ஒரு மனுஷியாக இறங்கும் என்று நினைத்து நான் நகமில்லாத விரலைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆம்ப்ரோஸ் ஏணியைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு, அதன் பக்கத்தில் அசையாமல் நின்றார். விடிந்து வெகுநேரமாகியும் எங்கள் தெருவின் பதினான்கு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

பேருந்து வருவதற்கு முன் அதன் சத்தம் வந்தது. எஞ்சின் சத்தத்துக்கு மேலே இன்னொரு சத்தம். குடத்திலிருந்து குடத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி, நின்று நின்று, நிறுத்த நினைத்து முடியாமல் மறுபடி பொங்குகிற மாதிரி.

பேருந்து நின்றது. ஏகாம்பரம் முதலில் குதித்தார். "யம்மா தாயே, சீட்டெல்லாம் ஈரம், பூந்தமல்லிலேருந்து ஒரே சிரிப்பு, ஒருத்தன் டிக்கெட் எடுக்க மாட்டேங்குறான், எல்லாம் சேந்து சிரிக்கிறானுங்க, எறக்கிக்கங்கம்மா!"

அவள் இறங்கினாள். ஜமீன் வாசல் மழையில் நனைந்த நூல்சேலை, நெற்றியில் ஒட்டிய முடி, காலில் செருப்பில்லை. தொப்பியும் இல்லை, ஆங்கிலப் பாவாடையும் இல்லை. எங்கள் தவமணியாகவே முழுக்க மாறியிருந்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். கையை எடுத்துவிட்டும் சிரித்தாள்.

ஆம்ப்ரோஸ் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னாலும் யாராவது இறங்குகிறார்களா என்று படியைப் பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இதுவும் என் வேலைதான். பெயரை மாற்றி, உடையை மாற்றி, ஊரை மாற்றியது நான்தானே.  அப்போது அவள் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள், நடுவிரலின் நுனியில் தகரம் ஒரு முறை மின்னியது, அந்தத் தகரத்தில் ஒரு துளை இருந்தது.

ஆம்ப்ரோஸ் ஒரு அடி வைத்தார். பிறகு நின்று, என் பக்கம் திரும்பி, மிகவும் பயந்தவர்போலத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"அம்மணி, அவளிடமிருந்து வரும் இந்த ஒலி என்ன?"

 அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பக்கங்கள். நான் வரிக்கு வரி தமிழாக்கியிருக்கிறேன், எனக்குத் தெரியும். டார்கஸ் அதில் பதினேழு இடங்களில் அழுகிறாள், நாற்பது இடங்களில் தலை குனிகிறாள், ஓர் இடத்தில்கூடச் சிரிக்கவில்லை.

"சிரிக்கிறாங்க, ஐயா," என்றேன்.

அவர் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, ஏணியை விட்டுவிட்டு, அவளை நோக்கி நடந்தார்.

அன்று பகல் பதினோரு மணிக்குப் பங்களா வாசலில், தண்ணீர் லாரி பெய்த மழையில், தவமணி விழுந்து செத்தாள், கமலவேணி அம்மா எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தார், பூசணிக்காய் உடைந்தது. நான் அங்கே இல்லை, அந்தோணி அண்ணன் சொல்லித்தான் தெரியும். நான் மெஸ்ஸில் பாதிரியாருக்குப் பதிலாகச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அவர் அவர்கள் இருவருக்கும் எதிரே உட்கார்ந்து, அவள் சிரிப்பை நிறுத்தினால் ஜெபத்தைத் தொடங்கலாம் என்று காத்திருந்தார்.

சுவிட்சை அணைக்கவேண்டும் என்ற ஞாபகம் ஆம்ப்ரோஸுக்கு வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை முழுக்க, உச்சி வெயிலிலும், எங்கள் தெருவின் பதினான்கு விளக்குகளும் எரிந்தன. ஏணி கம்பத்திலேயே சாய்ந்திருந்தது. அந்தப் பக்கமாகப் போனவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், வாட்ஸப்பில் யாரும் புகார் எழுதவில்லை, ஒருவரும் போய் அணைக்கவும் இல்லை.